கரோல் வரும் மாதம்

டிசம்பர் பிறந்தால் கீரியில் இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று வாடைக் காற்று. மற்றது கீபோட். யாரோ ஒரு பொடியன் ஒற்றை விரலால் ஒரு மெட்டைத் தேடிக்கொண்டிருப்பான். நாலாவது இடத்தில் பிழைக்கும். திரும்ப முதலில் இருந்து தொடங்குவான். ஒரு கிழமைக்குள் அந்தப் பிழை போய்விடும், டோலக் சேரும், அதற்குப் பிறகு பெண்பிள்ளைகளின் குரல் சேரும். அதோடு ஊரில் யாருக்கும் கலண்டர் தேவைப்படாது.

நான் முஸ்லிம். கீரியில் குடியிருந்து தமிழ் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் பெரும்பாலானவர்கள் கடற்தொழில் செய்யும் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் ஒளி விழா நெருங்கும்போது கரோல் பாட்டுகளின் எழுத்து வேலை என்னிடம் வந்து சேரும். பாட்டைத் தெரிவு செய்வது சங்கீத டீச்சர். யார் எங்கே நிற்பது என்பது சமய பாட டீச்சரின் பொறுப்பு. டிமைத் தாளில் பெரிதாக எழுதித் தொங்கவிடுவதும் உச்சரிப்புத் திருத்துவதும் என் பங்கு. எங்கள் பிள்ளைகளுக்கு ழகரம் லேசில் வராது. வாழ்த்துக்குள் ஒரு வாள் புகுந்துவிடும். குழந்தை குளத்தில் பிறந்தது போலாகிவிடும். இதையெல்லாம் திருத்தி மேடையில் ஏற்ற இரண்டு கிழமை போகும்.

போன மாதம் புத்தளத்தில் இருக்கும் என் சாச்சாவின் மகன் போனில் கேட்டான். "ராத்தா, கரோல் எல்லாம் இப்ப ஆர் கேக்கிறாங்க? எல்லாப் பாட்டும்தான் போன்ல இருக்கே. அதுக்குள்ள நீங்க வேற என்னத்துக்கு?"

அவன் கேட்டது இரண்டு கேள்வி. இந்தக் காலத்திலும் இந்தப் பாட்டுகள் ஏன் சாகவில்லை என்பது ஒன்று. அதற்குள் எனக்கு என்ன வேலை என்பது மற்றது. போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன். நீளம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது மன்னார் உப்புக்குளத்தில். 1990 ஒக்டோபர் கடைசியில் எங்களை வெளியேறச் சொன்னார்கள். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் போய் இறங்கினோம். வடக்கிலிருந்து அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டில். மாரி மழையில் தரை முழுக்க ஈரம். பாய் விரித்தால் பாயும் ஈரம்.

அந்த டிசம்பரில் ஒரு இரவு, காற்றோடு ஒரு பாட்டு வந்தது. பக்கத்துக் கத்தோலிக்கக் குடியிருப்பில் கரோல் போகிறார்கள். வார்த்தைகள் சிங்களம். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. உம்மா மட்டும் அரிசி புடைத்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினார். வெளியேறிய நாளிலிருந்து அழாத மனிசி. வள்ளத்தில் அழவில்லை, கரையில் இறங்கியபோது அழவில்லை. வாப்பா பயந்துபோய் என்ன என்று கேட்டார். "இது மாமி வீட்டுப் பாட்டு" என்றார் உம்மா.

உப்புக்குளத்தில் எங்கள் பக்கத்து வீடு கத்தோலிக்க வீடு. அந்த மாமி வீட்டு வாசலில் ஒவ்வொரு வருடமும் கரோல்காரர்கள் நின்று அந்த மெட்டைத்தான் படிப்பார்கள். (எங்கள் பக்கத்தில் பாட்டுப் பாடுவதில்லை, படிப்பதுதான்.) நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்போம். நத்தார் பாப்பா வேலிக்கு மேலால் டொபி எறிவார். உம்மாவுக்கு வீடு போனதும் கிணறு போனதும் அந்த நேரம் உறைக்கவில்லை. வேலி போனதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

அந்த மெட்டு எது என்று எனக்குத் தெரிய வந்தது டீச்சராக வந்த பிறகுதான். ஒஸ்திரியாவில் சால்ஸ்பேர்க்குக்குப் பக்கத்தில் ஓபர்ண்டோர்ஃப் என்றொரு ஆற்றங்கரை ஊர். 1818 டிசம்பர் 24ஆம் திகதி இரவு அங்குள்ள கோயிலில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது. பாட்டை எழுதியவர் யோசெப் மோர் என்ற இளம் குருவானவர். மெட்டுப் போட்டவர் பிரான்ஸ் சேவியர் குரூபர், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். (நம்ம இனம்தான்.) பெரிய வாத்தியம் ஒன்றுமில்லை, ஒரு கிட்டார். 

மோரின் பிறப்பைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. தாய் தையல் வேலை செய்தவர். தகப்பன் பட்டாளத்தை விட்டு ஓடியவர். கலியாணம் இல்லாமல் பிறந்த பிள்ளை. பாட்டின் வரிகளை அவர் 1816இல் எழுதினார். நெப்போலியன் யுத்தங்கள் முடிந்த மறு வருடம், கோடையே வராமல் பயிர் அழிந்து ஐரோப்பா பட்டினி கிடந்த வருடம். அப்படிப்பட்ட ஒருவர் எழுதிய தாலாட்டு அது. அந்தக் கோயிலும் பிற்காலத்தில் ஆற்று வெள்ளத்தால் பழுதாகி இடிக்கப்பட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு சிறிய சிற்றாலயம் நிற்கிறது. கோயில் போய்விட்டது, பாட்டு முந்நூறு மொழிகளுக்குப் போய்விட்டது. அதில் ஒரு மொழியில்தான் கற்பிட்டித் தென்னந்தோட்டத்துக்கும் வந்தது.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் மிகவும் கவனமாகக் கேட்பார்கள். பட்டாளம், வெள்ளம், பட்டினி, தகப்பன் இல்லாத வீடு. இதில் எதையும் மன்னார்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த மற்றப் பாட்டுகளின் கதையும் இப்படித்தான். எங்கள் பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் படிக்கும் 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் வார்த்தைகளில் நத்தார் என்ற பேச்சே இல்லை. பனியில் குதிரை வண்டி ஓட்டும் உல்லாசம், அவ்வளவுதான். கீரியில் பனிக்கும் குதிரைக்கும் எங்கே போவது? ஒரு வருடம் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் "டீச்சர், குதிரைக்குப் பதிலாக் கழுதை போட்டா என்ன?" என்று கேட்டான். தெருவெல்லாம் கழுதை நிற்கும் தீவில் நியாயமான கேள்வி. மர்யம் அம்மையார் பெத்லகேமுக்குக் கழுதையில் போனதாகத்தானே அவர்கள் படங்களிலும் வரைகிறார்கள். அவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

'ஒயிட் கிறிஸ்மஸ்' எழுதிய ஏர்விங் பெர்லின் ஒரு யூதர். ரஷ்யாவில் யூதர்களின் வீடுகளை எரித்த காலத்தில் தப்பி அமெரிக்காவுக்குப் போன குடும்பத்தின் பிள்ளை. அவருடைய மூன்று கிழமைக் குழந்தை 1928இல் நத்தார் தினத்தன்றே இறந்துபோனது. அவர் எழுதி 1942இல் வெளிவந்த அந்தப் பாட்டு உலகத்திலேயே அதிகம் விற்ற இசைத்தட்டாகியது. சாச்சாவின் மகனுக்கு இதைச் சொல்ல வேண்டும். கரோலுக்குள் நிற்கும் முதல் வெளியாள் நான் இல்லை.

தமிழ் டீச்சர் என்ற வகையில் எனக்குப் பிடித்தவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். கோயில் தலைவனையும் அரசனையும் பாடிய குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' ஆக்கினார். எங்கள் மன்னார்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மூவிராசாக்கள் கதையை வாசாப்பாகவே ஆடியிருக்கிறார்கள். ஒட்டகம் ஏறி வந்த அந்த ராசாக்கள் மாதோட்டத்து மண்ணில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு அடவு போட்டார்கள். கரோல் என்ற சொல்லே ஆதியில் வட்டமாக நின்று ஆடிப் படிக்கும் ஆட்டத்தைக் குறித்ததுதான். நம்முடைய கும்மி மாதிரி. ஆகவே பைலாத் தாளத்தில் கரோல் படிப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். கீபோட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் தானாக அடிக்கும் மேளத்தோடுதான் எனக்குச் சண்டை. அது பிள்ளைகளின் குரலைத் தின்றுவிடுகிறது.

இனி அவனுடைய முதல் கேள்விக்கு. எல்லாம் போனில் இருக்கும்போது ஏன் மழையில் நனைந்துகொண்டு படிக்க வேண்டும்?

போனில் இருப்பது கேட்கிற பாட்டு. கரோல் வீட்டுக்கு வருகிற பாட்டு. லேண்ட்மாஸ்டரில் பெரிய நட்சத்திரம் கட்டி, பின்னால் ஜெனரேற்றர் உறும, பதினைந்து இருபது பேர் சேற்றில் இறங்கி வந்து உங்கள் வாசலில் நின்று உங்களுக்காகப் படிக்கிறார்கள். நீங்கள் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். லைட் போட வேண்டும். தேத்தண்ணி ஊற்ற வேண்டும். இதில் ஒன்றையும் போன் செய்யாது. பிணக்குப்பட்ட இரண்டு வீட்டுக்கும் அதே கரோல்தான் போகும், ஒரு வீட்டை விட்டால் மறுநாள் ஊரெல்லாம் கதைக்கும். வீட்டுக்காரர் சண்டைக்காரராக இருந்தாலும் பாட்டு முடியும் வரை நிற்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, அந்தக் கதை. பிள்ளை பெறப்போகிற பெண்ணுக்கு இரவில் தங்க இடமில்லை. கதவு கதவாகத் தட்டுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் அதைக் கொல்லத் தேடும் அரசனுக்குப் பயந்து வேறு நாட்டுக்கு ஓடுகிறார்கள். 1990க்குப் பிறகு இந்தத் தீவில் யாருக்கு இது மற்றவர் கதை? நாங்கள் தெற்கே போனோம். கத்தோலிக்கர்களும் சைவர்களும் தலைமன்னாரிலிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனார்கள், மடுக் கோயிலில் ஆயிரக்கணக்கில் ஒதுங்கினார்கள். என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் சொல்லுவார்: ஊரடங்கு இருந்த வருடங்களில் கரோலைப் பின்னேரம் மூன்று மணி வெயிலில் படித்து முடித்துவிடுவார்களாம். நட்சத்திரத்துக்குள் விளக்கு வைக்கவும் முடியாது. மின்சாரமே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வெரித்தாஸ் வானொலியில் பாட்டுக் கேட்டார்களாம். அவர்களுக்கு இது புதிதும் இல்லை. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்த பிறகு கத்தோலிக்க வழிபாடே தடைதான். குருமார் மாறுவேடத்தில் ஊர் ஊராகப் போன காலம் அது. ஒளித்து வைத்துக் காப்பாற்றிய ஒன்றை வசதி வந்துவிட்டது என்பதற்காக மனிதர் விட்டுவிட மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது.

நாங்கள் ஈஸா நபி என்கிறோம். அவர்கள் இறைமகன் என்கிறார்கள். இது சின்ன வித்தியாசம் என்று பசப்ப நான் தயாரில்லை, அவர்களும் தயாரில்லை. பாட்டில் அந்தச் சொல் வருகிற இடத்தில் நான் எழுத்தைத் திருத்துவேன், படிக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்த இடம் வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்களே படித்துக்கொள்வார்கள். ஒருநாளும் அது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

ஆனால் அந்தத் தாய் எங்களுக்கும் தெரிந்த தாய். குர்ஆனில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரே பெண் மர்யம் அலைஹிஸ்ஸலாம்தான். அவர் பெயரில் ஒரு சூராவே இருக்கிறது, 19ஆவது. அதில் தொழுவமும் இடையர்களும் இல்லை. ஒரு பேரீத்த மரத்தடியில் தனியாக வேதனைப்படும் பெண் இருக்கிறார். செத்துப்போயிருக்கலாமே என்று சொல்லும் அளவுக்கு வேதனை. அவருக்குக் கீழே நீரோடுகிறது, மரத்தைக் குலுக்கினால் கனி விழுகிறது, கவலைப்படாதே என்று ஆறுதல் வருகிறது. பனையும் உப்புத் தண்ணீருமாக இருக்கும் ஊரில் அந்தச் சூராவை ஓதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எங்கே வந்து தொடும் என்று.

மக்காவில் இருக்க முடியாமல் முதல் முஸ்லிம்கள் ஓடிப்போன இடம் அபிசீனியா. அங்கே இருந்தது ஒரு கிறிஸ்தவ அரசர், நஜாஷி. இவர்களைப் பிடித்துத் தரச் சொல்லிக் குறைஷிகள் ஆள் அனுப்பினார்கள். சபையில் ஜஃபர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஓதிக் காட்டியது இந்த மர்யம் சூராவின் தொடக்கத்தைத்தான். தாடி நனைய அரசர் அழுதார் என்றும் அகதிகளைக் கையளிக்க மறுத்தார் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வேறு வேதத்துக்காரர் ஓதியதைக் கேட்டு ஒரு கிறிஸ்தவர் அழுதார். பதினான்கு நூற்றாண்டுக்குப் பிறகு கிடுகுக் கொட்டிலில் என் உம்மா அழுதார். 

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கு மேற்பட்ட உயிர்கள். செய்தவர்கள் எங்கள் பெயர் வைத்திருந்தவர்கள். நீர்கொழும்புக்கும் மன்னார்க் கரைக்கும் தொழில் உறவு உண்டு, கலியாண உறவும் உண்டு. அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது என்பதை நான் எழுதப்போவதில்லை.

பாடசாலை திரும்பத் தொடங்கியபோது வாசலில் பைகளைச் சோதித்தார்கள். நாடு முழுக்க அப்படித்தான். என் பையைத் திறந்து பார்த்தவர் என் மாணவன் ஒருவனின் தகப்பன். உள்ளே இருந்தது சோற்றுப் பெட்டியும் பதினொராம் ஆண்டுக் கட்டுரைக் கொப்பிகளும். என் முகத்தைப் பார்க்காமல் "குறை நினைக்காதீங்க டீச்சர்" என்றார். அவருடைய கை நடுங்கியது. நான் குறை நினைக்கவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் ஒளி விழா எழுத்து வேலை என்னிடம் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் போனபோது டிமைத் தாள் வேறொரு கையெழுத்தில் தொங்கியது, அவ்வளவுதான். ழகரம் மூன்று இடத்தில் பிழை. நான் பார்த்தும் பாராமல் வந்துவிட்டேன். இடைவேளையில் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து, "டீச்சர், இதில ஏதோ பிழை இருக்கு, என்னெண்டு தெரியேல்ல" என்று தாளையே கழற்றிக் கொண்டுவந்தாள். திருத்திக் கொடுத்தேன். சிவப்புப் பேனையில்.

டிசம்பரில் கரோல் தெருவுக்கு வந்த இரவு நல்ல மழைத் தூறல். "வெளி லைட்டை நிப்பாட்டுவமா?" என்று கேட்டார் என் கணவர். அவர் கேட்டது அவர்களுக்காக. எங்கள் வாசலைத் தாண்டிப் போக நினைத்தால் இருட்டில் போவது அவர்களுக்கும் லேசு. நான் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டில் படித்து முடித்தார்கள். பிறகு சத்தமில்லை. லேண்ட்மாஸ்டர் மட்டும் ஓடாமல் நின்று உறுமிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு பாடவேளை போல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வயதான குரல், அந்தப் பக்கத்துச் சம்மாட்டியார்: "டீச்சர் வீட்ட படிக்காமப் போறதா? விடு கேற்றை."

வந்தார்கள். இரண்டு பாட்டுப் படித்தார்கள். குழுவின் பின்வரிசையில் குடையோடு ஒரு அக்கா நின்றார். அவருடைய தங்கையின் மகன் கட்டுவாப்பிட்டியில் காயப்பட்டு மாதக்கணக்காக ஆசுபத்திரியில் கிடந்தவன். முதல் பாட்டில் அவர் வாய் அசையவில்லை. இரண்டாவது அந்தத் தாலாட்டு மெட்டு. பாதிக்கு மேல் அவரும் சேர்ந்துகொண்டார். நான் வட்டிலாப்பம் வெட்டி வைத்திருந்தேன். தட்டை நீட்டியபோது எடுத்தார். "இனிப்புக் கூடிப்போச்சு டீச்சர்" என்றார். கூடித்தான் போயிருந்தது.

அடுத்த வருடம் கொவிட். வீடு வீடாகக் கரோல் இல்லை. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் மையத்துகளை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. டிசம்பரில் 20 நாள் குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். கொழும்பில் பொரளை கனத்தை மயான வேலியில் எல்லா இனத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வருட நட்சத்திரத்தை வண்ணத் தாள் ஒட்டாமல் வெறும் வெள்ளைத் துணியால் சுற்றித் தொங்கவிட்டிருந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாட்டு இல்லாத டிசம்பர் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. காற்று மட்டும்தான்.

இதை எழுதும்போது எனக்கு எங்கள் பக்கத்து ஞாபகம் ஒன்றும் வருகிறது. உப்புக்குளத்தில் நோன்பு காலத்தில் பாவாமார் வருவார்கள். சஹருக்கு எழுப்ப றபானைத் தட்டிப் பைத்துப் படித்துக்கொண்டு தெருத்தெருவாக. வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியே எழுப்புவார்கள். போனில் அலாரம் வந்தது, பள்ளியில் ஒலிபெருக்கி வந்தது, பாவா குறைந்துவிட்டார். மவ்லிதும் அப்படித்தான், மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற சண்டைக்குள் பல ஊர்களில் அடங்கிப் போய்விட்டது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அலாரம் இவர்களுக்கும்தான் வந்தது. இவர்கள் கரோலை விடவில்லை, நாங்கள் பாவாவை விட்டுவிட்டோம். இதில் எனக்குக் கவலை உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

வகுப்பில் ஒருநாள் இந்தப் பாவாக் கதையைச் சொன்னேன். அந்த ஒற்றை விரல் கீபோட் பொடியன் பாடம் முடிந்ததும் பின்னாலேயே வந்தான்.

"டீச்சர், அந்த றபான் ஆக்கள் இப்பவும் வாறாங்களா?"

"எப்பயாவது ஒருத்தர் வருவார். டவுன் பக்கம்."

"வாற நோன்புக்கு வந்தாச் சொல்லுங்க. எங்கட செற்றோட வந்து கேக்கோணும். என்ன தாளமெண்டு பாக்கோணும்."

"விடியச்சாமம் மூண்டு மணிக்கு வருவாரடா. எழும்புவியா?"

"என்ன டீச்சர், கடலுக்குப் போற ஆக்கள் நாங்க. அது எங்களுக்குப் பிந்தின நேரம்."